களம் மெழுக லீவு

காக்களூர்த் தொழிற்சாலையில் நான் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தபோது, திருப்பாச்சூரிலிருந்து ஒரு ஃபிட்டர் சைக்கிளில் வருவார். காக்கிச் சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் நெற்கதிர் இருக்கும். பங்குனி பிறந்தால் தினமும் ஒரு மணியைக் கடித்துப் பார்த்த பிறகுதான் மெஷினைத் தொடுவார்.

ஒருநாள் அவர் நீட்டிய லீவு லெட்டரில், 'நெல்லடிக்கக் களம் மெழுக வேண்டும்' என்றிருந்தது.

"இதுக்கெல்லாம் மேனேஜர் லீவு தரமாட்டாரு. காய்ச்சல்னு எழுதுங்க."

"வேணாம் சார். அறுப்பு நேரத்துல அப்டி எழுதினா நெஜமாவே வந்துரும். நான் பட்த்துக்கினா களத்த யாரு மெழுவறது?"

மேனேஜர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மாதம் எனக்கு லீவு தேவைப்பட்டது. வழக்கம்போலக் 'காய்ச்சல்' என்று எழுதியவன், அவர் சொன்னது ஞாபகம் வந்து பயத்தில் அடித்துவிட்டு, 'வீட்டில் சும்மா இருக்க வேண்டும்' என்று எழுதினேன்.

மேனேஜர் படித்துவிட்டுக் கவலையோடு என்னைப் பார்த்தார்.

"இன்னாய்யா, காய்ச்சலா?"