சிவப்பில் விழுந்த வரி

என் வீட்டுக்காரர் இறந்து இருபது நாள் கழித்துத்தான் மறுபடியும் மடிக்கணினியைத் திறந்தேன். பள்ளிவாசல் என்ற எங்கள் மலையூரில் சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டியவர். காலையில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. வந்தவர்கள் எல்லாம் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. உடம்பு முழுக்க மரத்துப்போன மாதிரி இருந்தது.

யாரும் எழுதக்கூடிய ஒரு தமிழ் இணையக் கலைக்களஞ்சியத்துக்கு, புதிதாக எழுத வருகிறவர்களுக்கான உதவிப் பக்கங்களைச் செய்துவந்தேன். அதில் ஒரு சிக்கல். விளக்கமும் எடுத்துக்காட்டும் ஒரே கறுப்பில் கிடந்தன. ஒருவர் வித்தியாசம் தெரியாமல் மாதிரி வாக்கியத்தையே தன் கட்டுரையில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார். அதனால் ஒவ்வொரு எடுத்துக்காட்டையும் வார்ப்புரு என்கிற ஒரு தயார் அச்சுக்குள் போடவேண்டும். இரட்டை அடைப்புக்குறி, வார்ப்புருவின் பெயர், ஒரு நெட்டுக்கோடு, பிறகு வாக்கியம். சரியானதுக்கு ஒரு வார்ப்புரு, தவறானதுக்கு வேறொன்று; சேமித்தால் முதலாவது பச்சையில் தெரியும், மற்றது சிவப்பில். யோசிக்க வேண்டாத வேலை. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

பாதிப் பக்கங்களைச் செய்தவர் கோவிந்தாபுரத்துக்காரர், தபால் வேலையில் ஓய்வுபெற்றவர். நேரில் பார்த்ததில்லை, போனில்தான் பழக்கம்; துக்கம் விசாரித்ததும் போனில்தான். ஒரு மத்தியானம் கூப்பிட்டார்.

"ஏனுங்க, வாக்கிய நடைப் பக்கத்துல ஒண்ணு பச்சையில கெடக்குதுங்க. 'நாளைக்கு மழை விட்டா வண்டியக் கழுவணும்'னு. பேச்சு வழக்குங்களே அது? தப்புல சேத்திச் சிவப்பாக்கிட்டனுங்க."

போன வருஷம் எடுத்துக்காட்டுக்கு எதுவும் தோன்றாமல், ஷூ மாட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரிடம் ஒரு வரி கேட்டேன். வாசலைப் பார்த்தபடியே அதைச் சொன்னார். அப்படியே தட்டிவிட்டேன்.

"சரிதாண்ணே," என்றேன். "அது எங்க வீட்டுக்காரர் சொன்னது."

"தெரியாமப் போச்சுங்க. பழையபடி மாத்திப்போடறனுங்க."

"வேண்டாம்ணே. எழுத்து நடைக்கு அது தப்புதான. கெடக்கட்டும். கீழ சரியானத நான் போட்டுர்றேன்."

போட்டேன். 'நாளை மழை நின்றால் வண்டியைக் கழுவ வேண்டும்.' பச்சையாக வந்தது. ஒரு பிழையும் இல்லை. என் வீட்டுக்காரர் ஒருநாளும் அப்படிப் பேசியிருக்கமாட்டார். இரண்டு வரிகளையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இப்போதாவது அழுவேன் என்று நினைத்தேன். பசித்தது. ரசம் ஊற்றிச் சோறு சாப்பிட்டேன்.

மறுநாளிலிருந்து அந்த அண்ணன் தினமும் கூப்பிட ஆரம்பித்தார். மேற்கோள்குறி, முற்றுப்புள்ளி என்று அவருக்கே தெரிந்ததை எல்லாம் கேட்பார். "சாப்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பார். ஓணத்துக்கு முன்பே எல்லாப் பக்கமும் முடிந்துவிட்டது. போன் மட்டும் நிற்கவில்லை. கேட்கச் சந்தேகம் எதுவும் இல்லாததால் அவர் தன் மாந்தோப்பைப் பற்றிச் சொல்வார், நான் ம்ம் கொட்டுவேன். போன வாரம்தான் நானாக ஒன்று கேட்டேன், மாமரம் பூத்துவிட்டதா என்று.