ஒரு காக்கிச் சட்டையின் சாறு

என் வேலையை யாரிடம் சொன்னாலும், "ஓ, கஷாயம் காய்ச்சுறீங்களா?" என்கிறார்கள். எரிச்சலாக வரும். இடப்பள்ளியைத் தாண்டி மூலிகைச் சாறு எடுக்கிற கம்பெனி ஒன்றின் ஆய்வகத்தில் இருக்கிறேன். அங்கே அடுப்பும் கிடையாது, அண்டாவும் கிடையாது. கச்சோலக் கிழங்கையோ கஸ்தூரி மஞ்சளையோ அரைத்து எஃகுக் குழாயில் திணித்து, கார்பன் டை ஆக்சைடை அழுத்தி அதன் வழியே விடுவோம். சோடாவில் இருக்கிற அதே வாயுதான். அழுத்தம் ஏற ஏற அது காற்றாகவும் இல்லாமல் தண்ணீராகவும் இல்லாமல் ஒரு நிலைக்கு வந்து, கிழங்கின் மூலைமுடுக்கெல்லாம் புகுந்து மருந்துச் சத்தையும் மணத்தையும் கரைத்துக்கொண்டு வரும். அழுத்தத்தை இறக்கினால் வாயு பறந்துவிடும்; சாறு அடியில் நிற்கும். பெரிய சூடு ஒன்றும் தேவையில்லை.

அறை கமகமவென்று இருந்தால் எங்கள் தொழிலில் யாரும் சந்தோஷப்பட மாட்டோம். புதிதாக வருகிற பிள்ளைகள், "என்னா மணம் மேடம்!" என்று கண்ணை மூடி நிற்பார்கள். "மணக்குதுன்னா போய்க்கிட்டிருக்குன்னு அர்த்தம். போய் வால்வைப் பாருங்க!" என்று கத்துவேன். என் வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் ஒழுங்காக வேலை செய்கிறார்கள்.

வீட்டில் அந்த வாய் செல்லாது. என் வீட்டுக்காரர் சிரித்தே அதை அடக்கிவிடுவார். பள்ளுருத்தி ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டினார். போன வருஷம் ஒரு நாள், நெஞ்சு வலிக்கிறது என்று ஆட்டோவை ஓரங்கட்டினார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக் கொக்கியில் அவர் முந்தின நாள் கழற்றிப் போட்ட காக்கிச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. துவைக்கப் போடாமல் என்ன மனுஷன் என்று அன்று காலையில்தான் திட்டியிருந்தேன்.

மற்ற துணிகளை எல்லாம் கொடுத்துவிட்டேன். அதை மட்டும் பாலிதீன் கவரில் சுற்றி, அலமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். மகள் டியூஷனுக்குப் போன நேரமாகப் பார்த்து எடுத்து முகத்தோடு அழுத்திக்கொள்வேன். முதலில் டீசல் வரும், பிறகு தேங்காயெண்ணெய், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பூசுகிற அத்தர். அதற்கெல்லாம் அடியில் அவர் இருந்தார். அய்யோ, அந்த ஒரு நொடிக்காக வாரம் முழுக்கக் காத்திருந்தேன்.

மாதம் போகப் போகக் குறைந்தது. நான் மோந்த ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக அவரைச் செலவழித்துக்கொண்டிருந்தேன். இது தெரியாத பொம்பளையா நான்? அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. கிழங்கிலிருந்து எடுப்பதைச் சட்டையிலிருந்து எடுக்க முடியாதா? எடுத்து, கண்ணாடிக் குப்பியில் அடைத்து மூடிவிட்டால் வருஷக்கணக்கில் இருக்குமே.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், எல்லாரும் போன பிறகு, சோதனைக்கு வைத்திருக்கிற சின்ன மெஷினைத் திறந்தேன். கூட இருந்தது மெஷின் ஓட்டுகிற மலையாளி சேட்டன் மட்டும். சட்டையைப் பார்த்ததும், துவைக்கக் கொண்டுவந்தேன் என்று நினைத்து அவர் சிரித்தார்.

"சேச்சி, இது துணி அலக்குற மெஷின் இல்ல, கேட்டோ."

"எனக்குத் தெரியும் சேட்டா. நீங்க ஸ்விட்சைப் போடுங்க."

என் குரலில் என்ன கேட்டாரோ, ஸ்விட்ச் பக்கம் போய் நின்றார்.

பட்டன்களை அறுத்தெடுத்து வைத்துவிட்டு, சட்டையைச் சுருட்டி உள்ளே விட்டேன். ஒரு மணி நேரம் ஓடியது. கடைசியில் குப்பியில் மஞ்சளாக ஒரு பிசுக்கு, நகக்கண் அளவு. மூக்கருகே கொண்டுபோனேன். கச்சோலம்! அந்த வாரம் முழுக்க அதே மெஷினில் ஓடியது கச்சோலம்தான்; எத்தனை கழுவினாலும் மூடியின் ரப்பர் வளையம் மணத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதற்குப் பின்னால் கொஞ்சம் டீசல், கொஞ்சம் எண்ணெய். அவர் இல்லை.

குப்பியைப் பிடித்த என் விரல்களைப் பார்த்தேன். ஜில்லென்று இருக்க வேண்டியவை இதமாக இருந்தன. லேசான மணம் எடுக்கும்போது சேகரிக்கிற குப்பியை ஐஸில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வாயுவோடு சேர்ந்து கூரைக்குழாய் வழியே போய்விடும். வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாளே நான் சொல்லிக்கொடுப்பது. அன்று ஐஸ் வைக்க மறந்துபோனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சட்டையை வெளியே எடுத்து மோந்து பார்த்தேன். கடையில் வாங்கிய புதுத்துணிக்குக்கூட ஒரு வாசனை இருக்கும். இதில் ஒன்றுமே இல்லை. வேர்வையின் உப்பு மட்டும் காலரில் வெள்ளையாகப் படிந்திருந்தது. உப்புக்கு ஏது மணம்?

பட்டன்களைத் தைத்து, கவரில் போட்டு, சேலைக்கு அடியில் பழையபடி வைத்துவிட்டேன். யாருக்கும் சொல்லவில்லை. குப்பியைக் கைப்பையிலேயே வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை காலை மகளுக்குப் பரீட்சை. நான் அடுக்களையில் சாயா ஆற்றிக்கொண்டிருந்தேன். அவள் யூனிஃபார்மோடு வந்து நின்றாள். கையில் சட்டை.

"அம்மா, அத்தா சட்டைய அலக்கிட்டியா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இதை நீ எதுக்குடி எடுத்தே?"

"பரீட்சைக்குப் போறப்பல்லாம் எடுப்பேன். ஒரு தடவ மோந்துட்டுப் போனா பயம் வராது." அவள் குரல் உடைந்தது. "உனக்குத் தெரிஞ்சா நீ அழுவியேன்னு சொல்லல."

ஒரு வருஷமாக நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். குப்பியை எடுத்து நீட்டினேன். வேறு என்ன செய்வது? மூடியைத் திறந்து மோந்தாள்.

"இது அத்தா இல்லம்மா. இது உங்க கம்பெனி."

நான் அழுதேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் சட்டையை மடித்தாள். கவரில் போட்டு, உள்ளே இருந்த காற்றை மெதுவாக அழுத்தி வெளியேற்றி, வாயை முறுக்கி ரப்பர் பேண்டு போட்டாள். ஒன்று போதாதென்று இரண்டு. அதில் அடைத்து வைக்க இனி ஒன்றுமில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.