காலி வீதியின் மறுமுனை

கொழும்பில், வெள்ளவத்தையில், காலி வீதியில் இருபது வருடமாகக் குடியிருக்கிறேன். மின்சாரப் பில்லும் கலியாண அழைப்பும் அந்த விலாசத்துக்குத்தான் வருகின்றன. ஆனால் அந்த வீதி வெள்ளவத்தையைக் கடந்து, நூறு கிலோமீற்றருக்கு மேல் கடலோடு கதைத்துக்கொண்டே போய், மூச்சு வாங்க நிற்கும் காலி என்ற ஊரை நான் பார்த்ததில்லை. ரொறன்ரோவுக்கு மூன்று தடவை போயிருக்கிறேன். ரொறன்ரோவில் எங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். காலியில் ஒருவரும் இல்லை. நாங்கள் ஊர் பார்க்கப் போகிறவர்கள் அல்லர், சொந்தக்காரரைப் பார்க்கப் போகிறவர்கள். ஊர், அவர்கள் வீட்டு யன்னலுக்கு வெளியே எங்காவது கிடக்கும்.

அதனால்தான் எனக்குக் காலிக் கோட்டை வேண்டியிருந்தது. மூன்று பக்கம் கடல், சுற்றிவர மதில், உள்ளே எங்களைத் தெரியாத தெருக்கள். நானும் கணவரும் மட்டும், மூன்று இரவு.

இது லேசான ஆசை அல்ல. முன்பு நுவரெலியாவுக்கு இரண்டு பேராகத் திட்டம் போட்டு, ஒரு வான் நிறைய ஆட்களோடும் ஒரு ரைஸ் குக்கரோடும் போய்வந்தவர்கள் நாங்கள். அங்கே நான் பார்த்த ஒரே காட்சி வாழைக்காய்ப் பொரியல். அந்த வானில் முதல் ஏறியவர் பவானி மச்சாள், என் கணவரின் அக்கா. எங்கள் தொடர்மாடியிலேயே ஒரு தட்டு மேலே மகன் குடும்பத்தோடு இருக்கிறார். அவரின் கணவர் காலமான பிறகு, யார் எங்கே புறப்பட்டாலும் முன் ஆசனத்தில் மச்சாளின் கைப்பை உட்கார்ந்துவிடும்.

"எங்க போறம் எண்டு கேப்பினமே. என்ன சொல்லப் போறீர்?" என்றார் கணவர்.

"யாழ்ப்பாணம். காணி அலுவல்."

அவர் என்னைப் புதிய மரியாதையோடு பார்த்தார். காணி அலுவல் என்றால் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் வரிசை, நில அளவையாளர், வேலிச் சண்டை. எந்தச் சொந்தமும் கூட வராது.

வரவில்லைதான். ஆனால் வாங்கிவரச் சொல்லிவிட்டார்கள். கீழ்வீட்டுக்குப் பருத்தித்துறை வடை, எதிர்வீட்டுக்குக் கூழ் காய்ச்ச ஒடியல் மா. "எனக்கு ஒண்டும் வேண்டாம்," என்றார் மச்சாள். "ஒரு பனங்கட்டிக் குட்டான் மட்டும்." பனையோலைக் கூட்டில் வார்த்த வெல்லம், அதுதான் குட்டான்.

வியாழன் காலை. யாழ்ப்பாணம் போகிறவர்கள் போலவே கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்துக்கு ஓட்டோ பிடித்தோம், தொள்ளாயிரம் ரூபாய். அங்கிருந்து தெற்கே போகும் ரயிலில் ஏறினோம். எங்கள் திட்டத்தில் இருந்த ஓட்டை கொள்ளுப்பிட்டி தாண்டிய பிறகுதான் கண்ணில் பட்டது.

"இஞ்சாருங்கோ, இந்த ரெயின் எங்கட பிளட்டுக்கு முன்னால எல்லே போகும்?"

"போகும்தானே," என்றவரின் முகம் மெல்ல வெளுத்தது. "அக்கா உடுப்புக் காயப்போடுற நேரம்."

வலது பக்கம் கடல். எங்களுக்கு இருக்கை கிடைத்ததோ இடது பக்கம், வீடுகளைப் பார்த்தபடி. பம்பலப்பிட்டி நழுவியது. தெரிந்த சந்துகளும் ஒழுங்கைகளும் ஒவ்வொன்றாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. இருவரும் முழங்காலுக்குள் தலையைச் செருகினோம்.

எதிரே இருந்த சிங்கள ஐயா பதறினார். "மொகத வெடுணே, மிஸ்?" என்ன விழுந்தது என்கிறார்.

"சல்லி!" என்றார் கணவர், வாயில் வந்ததை.

நல்ல மனிதர்கள். பெட்டியில் பாதிப் பேர் விழுந்த காசைத் தேடக் குனிந்தார்கள். அப்படியே, பக்தர்கள் போல, வெள்ளவத்தையைக் கடந்தோம்.

மதியம். காலி நிலையத்திலிருந்து கோட்டைக்குள் ஓட்டோ முந்நூறு. அறை ஒரு இரவுக்கு ஒன்பதாயிரம், காலைச் சாப்பாட்டோடு. ஒரு வாரமாக மனனம் செய்த சிங்களத்தை நான் எடுத்து விரிக்குமுன், வீட்டுக்கார நஸீமா சிரித்தார்.

"தமிழ்லயே கதையுங்கோ. கொழும்புல எங்க? எங்கட மகள் வெள்ளவத்தைல ஈக்கிறா."

"கொட்டாஞ்சேனை," என்றார் கணவர், யோசிக்காமலே. பொய்யும் ரயில் மாதிரி, ஒரு பெட்டியோடு நிற்பதில்லை.

மாலையில் மதிலின் மேல் நடந்தோம். கீழே கடல் கல்லை அறைந்து, வெட்கப்பட்டுப் பின்வாங்கி, மறுபடி அறைந்தது. ஓடுகளின் மேல் வெயில் மஞ்சளாய் வழிந்தது. பள்ளிவாசல் பாங்கும் எங்கோ ஒரு ஸ்கூட்டரின் இருமலும் ஒரே காற்றில் வந்தன. நான் அந்தக் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தபோது வீடியோ அழைப்பு வந்தது. தவறுதலாகக் கணவரின் விரல் பட்டுவிட்டது.

"எங்க நிக்கிறியள்?" என்றார் மச்சாள்.

"கோட்டையில, அக்கா." பொய்யில்லை.

"மதில் பெரிசாக் கிடக்கு."

"ஒல்லாந்தர் கட்டினது." யாழ்ப்பாணத்துக் கோட்டைக்கும் அது பொருந்தும்.

"பின்னால உயரமா வெள்ளையா என்ன?"

கப்பல்களுக்கு வழிகாட்டும் வெளிச்சவீடு. அதை யாழ்ப்பாணக் கோட்டைக்குள் எங்கே நடுவது?

"தண்ணித் தாங்கி, மச்சாள்," என்றேன்.

"வடிவான தண்ணித் தாங்கி," என்றார் மச்சாள். "சரி, காணி அலுவலைப் பாருங்கோ."

வெள்ளியும் சனியும் ஒன்றும் செய்யவில்லை. பிளேன் ரீ குடித்தோம். மதிலைச் சுற்றினோம், களைத்தோம், திரும்பவும் சுற்றினோம். சனி மாலை கணவர் "சுகந்தி" என்று என்னைக் கூப்பிட்டார். வீட்டில் நான் 'இஞ்சேரும்'. பெயர் கேட்டுத் திரும்பியவளுக்கு, வேறு யாரோ நிற்கிறார்கள் என்றே முதலில் தோன்றியது.

ஞாயிறு. மறுபடி கோட்டை நிலையம், மறுபடி ஓட்டோ. வழியில் காலி வீதியில், யாழ்ப்பாணச் சாமான் விற்கும் கடையில் இறங்கினோம். வடை, ஒடியல் மா, பனங்கட்டி. கடைக்காரர் எங்கள் பயணப்பையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"அக்கா, பழைய உரப்பையில போட்டுத் தரட்டோ? ஊரில இருந்து வந்த மாதிரி இருக்கும்."

நாங்கள் முதல் ஆட்கள் இல்லை போலும்.

மச்சாள் குட்டானை மோந்து பார்த்தார். "நல்ல பனங்கட்டி. காலியில வெயிலோ?"

கணவர் சுவரைப் பார்த்தார்.

"வியாழக்கிழமை பல்கனியில நிண்டனான். ஒரு பெட்டியில சனமெல்லாம் குனிஞ்சு கிடக்குதுகள், யன்னலில தம்பியின்ட வழுக்கை. சின்னனில நான் எண்ணெய் வச்ச தலையெல்லே, தெரியாதே?"

"ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ, மச்சாள்?"

"ஏன் சொல்லுறன்? கீழ்வீட்டுக்காரர் கேட்டவை. கச்சேரியில நல்ல சனமாம் எண்டனான்." குட்டானை மடியில் வைத்து, ஓலையை விரலால் நீவினார். "நீங்கள் தங்கின அறை... ஒராளுக்கும் தருவினமோ?"

"தருவினம், மச்சாள். நாங்களும் கூட—"

மச்சாள் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த வியாழன் பவானி மச்சாள் காணி அலுவலாக யாழ்ப்பாணம் போனார். காலையில் ஈர உடுப்போடு பல்கனியில் நின்றேன். தெற்கே போகும் ரயில் கடலை உரசிக்கொண்டு வந்தது. இடதுபக்க யன்னல் ஒன்றில் மச்சாள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஆசனத்தில் கைப்பை. அவர் குனியவில்லை. நான்தான் மரியாதைக்காகக் கடலைப் பார்த்தேன்.

கீழ்வீட்டுக்காரி எட்டிக் கூப்பிட்டாள். "சுகந்தி அக்கா, மேல வீட்டு அம்மா எங்க, காணேல்ல?"

"யாழ்ப்பாணம்," என்றேன். "உங்களுக்கு ஏதும் வாங்கவேணுமோ?"