முகமில்லாத பேய்

இத எழுதப் பஞ்சியாத்தான், மனசில்லாமத்தான் இருந்திச்சு. ஆனா நான் செஞ்சது சரி எண்டு இப்பவும் சொல்லுவன், அதால எழுதிறன்.

கல்முனையில படக்கொட்டகைக்குப் போஸ்டர் ஒட்டிறது என்ட வேலை. ஒருக்கா பேய்ப்படம் ஒண்டு வந்திச்சு. பல்லு கூடினா சனமும் கூடும் எண்டு, பேய்க்கு இன்னும் நாலு பல்லுக் கீறி, பள்ளிவாசலுக்கு முன்சுவர்ல ஒட்டினன்.

பள்ளிவாசல நடத்திற மரைக்கார் வந்தாரு. "மனே, தொழ வாற இடத்துல உருவம் வேணாம். முகத்த மறை."

பேய்க்கும் முகம் கூடாதாம்! நக்கலுக்கு, வள்ளத்துக்குப் பூசிற தார எடுத்து முகம் முழுக்கப் பூசினன். அவுந்த முடியும் நீட்டின கையும்தான் மிஞ்சிச்சு. தள்ளி நிண்டு பாத்தா, எனக்கே மேலெல்லாம் சிலிர்த்திச்சு.

கொட்டகை முதலாளி கோவத்துல துள்ளினாரு. "மூஞ்சி இல்லாத பேயா? கிழிடா, இல்லாட்டி வேலைக்கு வராத!"

"கிழிக்க மாட்டன் முதலாளி. மத்த போஸ்டருக்கும் பூசப்போறன்."

பூசினன்.

அண்டைக்குப் பின்னேரம் கொட்டகை நிறைஞ்சிச்சு. எல்லாருக்கும் அந்த முகத்தப் பாக்கணுமாம். பல்லக் காட்டினா சனம் சிரிச்சிட்டுப் போகும், மறைச்சா உள்ளுக்க வரும். நான் கீறின நாலு பல்லும் வீண்தான்.

கூட்டாளி சலீமுக்கிட்டப் பெருமையடிச்சன்.

"நானும் வந்தன் மச்சான், உள்ளுக்க படத்துல முகத்தக் காட்டினாங்க, அதோட பயம் போயிட்டு."