இரண்டரை மணி நேரத் தூரம்

மகன் எவ்வளவு தொலைவில் இருக்கிறான் என்று யார் கேட்டாலும், “ரெண்டரை மணி நேரந்தான்லா! பிளேன் ஏறுனா வந்துரலாம்” என்பாள் பாஞ்சாலை. கோத்தா கினபாலுவில் வேலை கிடைத்துப் புறப்பட்டபோது சசிதரன் சொல்லிவிட்டுப் போன கணக்கு அது. பாஞ்சாலை விமானத்தை வானத்தில்தான் பார்த்திருக்கிறாள். முப்பது வருஷமாகக் கேமரன் மலையில் தேயிலை வெட்டுகிறவளுக்கு, கடல் தாண்டிப் போன ஒரே பிள்ளையை நினைத்து வேறு என்ன ஆறுதல்? தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அவளிடம் வாயைக் கொடுத்தவர்கள் இதைக் கேட்காமல் தப்பியதில்லை.

அந்த இரண்டரை மணி நேரம்தான் குடியைக் கெடுத்தது. நினைத்தால் வந்துவிடலாம் என்பதால் பிள்ளை வர நினைக்கவே இல்லை. நாலு வருஷத்தில் ஒரே ஒரு தீபாவளிக்கு வந்தான். போன வாரம் படுக்கையில் கிடந்த புருஷன் சுப்பிரமணியம், “தம்பிய வரச் சொல்லு புள்ள, பாக்கணும் போல இருக்கு” என்று கேட்டார்.

“வேல எடத்துல லீவு குடுக்க மாட்டானுங்க. ரெண்டரை மணி நேரந்தானே, வேணும்னா வந்துருவான்” என்று அவள்தான் சொன்னாள். போன் போடவில்லை.

இன்று விடியும்போது சுப்பிரமணியம் கண்ணை மூடிவிட்டார்.

“பதினோரு மணிக்கு பிளேன்ம்மா, ஒன்றரைக்கு எறங்கிருவேன்” என்று சசிதரன் போனில் அழுதான். பிள்ளை ஒன்றரைக்கு வீட்டுக்கு வந்துவிடுவான் என்று பாஞ்சாலை எல்லோரிடமும் சொன்னாள். பக்கத்து ஈப்போவில் இறங்குகிறான் போல என்று லயத்தில் நினைத்துக்கொண்டார்கள். சாவு வீட்டில் யார் போய்க் கணக்குப் பார்ப்பது? காரியங்களை முன்னின்று நடத்தும் நல்லுசாமி, மூன்று மணிக்கு எடுப்பதென்று சொல்லிக் குழி வெட்ட ஆள் அனுப்பினார்.

இரண்டு மணிக்குப் போன் வந்தது. “கோலாலம்பூர்லதான்ம்மா இருக்கேன். இப்பதான் வாடகைக்குக் கார் எடுத்தேன்.”

பாஞ்சாலை விரல்விட்டு எண்ணினாள். அங்கிருந்து மலையேற நாலு மணி நேரம். பள்ளி விடுமுறை வேறு. அடிவாரத்துத் தாப்பாவிலிருந்தே கார்கள் நகராது. விமானம் அவனை வீட்டு வாசலில் இறக்கிவிடாது என்று இந்த மண்டைக்கு ஏன் உறைக்கவில்லை? அந்த மனுஷன் வாய்விட்டுக் கேட்டாரே!

மழை பிடித்துக்கொண்டது. ஆறரை வரை பொறுத்துப் பார்த்த நல்லுசாமி அருகில் வந்து குந்தினார்.

“அக்கா, குழியில தண்ணி ஊறுது. ரெண்டு தடவ எறைச்சாச்சி. நாளைக்குக் கோயில்ல திருவிழாக் காப்புக் கட்டு, ராத்திரி வச்சிருக்க முடியாதுக்கா.”

“அவரு புள்ளதான தம்பி குடம் தூக்கணும்...”

நல்லுசாமியைச் சொல்லிக் குற்றமில்லை என்று அவளுக்குத் தெரியும். “எடுங்க” என்றாள். கொழுந்தன் மகன் மகேன் குடத்தைத் தோளில் வாங்கிக்கொண்டான். லயத்து முனைக்குமேல் பெண்கள் போகக்கூடாது. அங்கேயே நின்று, ஆட்கள் கண்ணுக்கு மறையும்வரை கதறினாள்.

திரும்பி வந்தபோது பெண்கள் வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். போன் அடித்தது.

“அம்மா, ரிங்லெட் தாண்டிட்டேன்! முன்னால போற காரையெல்லாம் வெட்டி வெட்டி ஏறி வர்றேன். அப்பாவ எடுத்துறாதீங்கம்மா!”

அவன் பேச்சுக்குள் லாரி ஹாரன் அலறியது. அந்த மலை ரோட்டு வளைவுகளும், ஈரத்தில் வழுக்கும் ரோட்டோரப் பள்ளமும் அவளுக்குத் தெரியும். சுப்பிரமணியத்தைக் கிடத்தியிருந்த இடத்தில் யாரோ இன்னொரு வாளித் தண்ணீரைக் கொட்டினார்கள்.

“எடுக்கலய்யா” என்றாள் பாஞ்சாலை. “அப்பா இங்கதான் படுத்திருக்காரு. நீ மெதுவா வாய்யா.”