புளியங்கட்டைக்கு வைத்த பொட்டு

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்த்த கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு பொத்தான்கள். இரண்டு கைகளாலும் சேர்த்து அழுத்தினால்தான் மேலிருந்து அச்சு இறங்கும். அப்போது கை அடியில் மாட்டாது. எங்கள் ஆட்களுக்கு ஓர் ஏற்பாடு இருந்தால் அதற்கு மாற்று ஏற்பாடு செய்யாமல் தூக்கம் வராது. ஒரு பொத்தானை அழுத்தியபடியே புளியங்கட்டைத் துண்டைச் செருகிவிடுவோம். மறு பொத்தானுக்கு ஒரு கை போதும். இன்னொரு கையால் தகட்டை வைத்து எடுக்கலாம். வேலை பறக்கும்.

சூப்பர்வைசர் அண்ணனுக்கு இது தெரியாது. அதாவது, எங்கள் பக்கம் வரும்போதெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டே நடப்பார். அவருக்குக் கழுத்து வலி வந்ததே அதனால்தான் என்பாள் பக்கத்து மெஷின் அக்கா. ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வருகிற அவளுக்கு வாயும் வேகம், கையும் வேகம்.

ஆயுத பூஜையன்று அண்ணனுக்குப் பக்தி முற்றிவிட்டது. வேட்டி கட்டிக்கொண்டு வந்து, மெஷின்களுக்கெல்லாம் தம் கையாலேயே சந்தனம், குங்குமம் வைத்தார். எதை விட்டாலும் சாமி குத்தம் என்று ஸ்பேனருக்கு வைத்தார், துடைப்பத்துக்கு வைத்தார். செருகியிருந்த கட்டைகளுக்கும் வைத்தார்.

பூஜை விடுமுறை முடிந்து வேலை தொடங்கிய அன்றே தொழிற்சாலை ஆய்வாளர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். அக்காவின் மெஷினில் இருந்த கட்டையைக் காட்டி, இது என்ன என்று கேட்டார்.

“இந்த ஆளுங்களாவே சொருவிக்கினு கீதுங்க சார். எனக்கு இன்னா தெரியும்?” என்றார் அண்ணன்.

“பொட்டு வெச்சது யாரு?”

எங்களுக்குப் பெருமை பிடிபடவில்லை. “எங்க அண்ணன்தான் சார்!” என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். அண்ணன் எங்களைப் பார்த்த பார்வையை என்னவென்று சொல்ல!

“இதுவரிக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆவல சார்” என்று சமாளித்தார் அண்ணன்.

“ஆனாத்தான் குத்தம்னு இல்லைங்க. ஆபத்துன்னு தெரிஞ்சும் விட்டீங்கன்னா அதுவே கேஸ்தான். உங்க மேலயும் வரும், முதலாளி மேலயும் வரும்.”

மெஷினின் கரண்டை நிறுத்தச் சொன்னார் ஆய்வாளர். “இப்ப ஓடாது. அடியில கைய வைங்க பார்ப்போம்.”

அண்ணனின் கை அச்சு வரை போனது. அங்கேயே நின்றது. பிறகு மெல்லத் திரும்பி பேன்ட் பாக்கெட்டுக்குள் போய்விட்டது. நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

அவரைக் காப்பாற்ற அக்காதான் முன்னால் வந்தாள். “அண்ணன ஏன் சார் பேஜார் பண்றீங்கோ? இதுல இன்னா கீது? மெஷின் ஓடும்போதே நாங்க வெச்சிகினுதான கீறோம்” என்று சொல்லி, மணிக்கட்டு வரை அடியில் விட்டு, விரல்களையும் ஆட்டிக் காட்டினாள்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. தினமும் பார்க்கிற கைதான் அது.

அண்ணன் பாய்ந்துபோய் அந்தக் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். “எடும்மா... எடு கைய” என்றார். குரல் உடைந்துவிட்டது. கரண்ட் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.