சூசை ரைட்டரின் பேனாச் சத்தம்

சூசை ரைட்டர் காலமானார் என்ற செய்தியை அவர் மனைவி பிலோமினா அக்கா கைபேசியில் தெரிவித்தபோது, நான் என் நாய் மிளகுவுடன் கயிறு இழுத்து விளையாடிக்கொண்டிருந்தேன். என் பிடி நழுவியது. தான் வென்றுவிட்டதாக எண்ணிய மிளகு, கயிற்றைக் கவ்விக்கொண்டு வாசலைச் சுற்றிச் சுற்றி ஓடியது.

வாழவந்தியில் எங்கள் காபி எஸ்டேட் அலுவலகத்தில் கணக்கெழுதும் ரைட்டர் அவர். நாற்றுகளைக் கவனித்தவள் நான். அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய கையெழுத்தும் முன்கோபமும் நினைவிருக்கும். நான் நினைவுகூர விரும்புவது அவருடைய பேனாவை.

மிளகு பஸ்ஸைக் கண்டால் துரத்தும். ஒருநாள் அப்படி ஓடிய நாயின்மேல் மோதாமலிருக்க பைக்கைத் திருப்பிய ஊர்க்காரர் ஒருவர் காபிச் செடிகளுக்குள் விழுந்தார். "ஏனுங்க, ஒரு மாசத்துல இத எங்காச்சும் கொண்டுபோயி உட்டுருங்க. இல்லாட்டி நாங்களே உட்டுருவோம்" என்று ஊரார் கெடு விதித்தனர்.

எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளி காணாதவள் நான். அறிந்தவை அனைத்தும் நானே தேடிக் கற்றவை. நாய்ப் பயிற்சியையும் அவ்வாறே கைபேசியில் பார்த்துக் கற்றேன். நாம் விரும்பியதை நாய் செய்யும் கணத்தில் 'டிக்' என்று ஒலியெழுப்ப வேண்டும். ஒலித்தால் தீனி தர வேண்டும். ஒலிக்கும் கருவிதான் இல்லை. ரைட்டர் தம் சட்டைப்பைப் பேனாவை அமுக்கிக் காட்டி, "இதுவும் அதே சத்தந்தானுங்க அம்மிணி" என்றார்.

மாலைதோறும் சாலைக்கு எட்டவே நின்றோம். பஸ்ஸைப் பார்த்த மிளகு எங்களைத் திரும்பிப் பார்த்தால் ஒரு டிக், ஒரு துண்டு கருவாடு, பிறகு கயிறு இழுப்பு. நாளுக்கு நாள் சாலையை நெருங்கினோம்.

யோசிக்கும்போது பேனாவை அமுக்குவது ரைட்டரின் பழக்கம். ஒருநாள் களத்தில் காயும் காபிக்கொட்டையில் மிளகு புரண்டுகொண்டிருக்க, அவர் தம்மை மறந்து அமுக்கிவிட்டார். நாய் ஓடிவந்து அவர்முன் நின்றது.

"குடுக்காதீங்க ரைட்டரே! நாளைக்கும் களத்துலதான் பொரளும்!"

"சத்தம் கேட்டா குடுத்தே ஆகோணும்னு நீங்கதானுங்களே சொன்னீங்க? தப்பு என்னுது. அதுக்கு எதுக்குங்க தண்டன?"

கொடுத்தார். மறுநாள் அலுவலகத்தில் மூடி போட்ட பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார். பழைய பேனா அன்றிலிருந்து மிளகுக்கு மட்டுமே உரியதாயிற்று.

கெடு முடியும் நாளில் ஊரே சாலை வளைவில் கூடிநின்றது. பஸ் வந்தது. மிளகு ஓரடி முன்வைத்தது, நின்றது, ரைட்டரைத் திரும்பிப் பார்த்தது. டிக். அன்று பைக்கோடு செடிகளுக்குள் விழுந்தவரே முதலில் சிரித்தார்: "நொம்ப வெவரமுங்க. எங்கூட்டுல நான் கூப்புட்டா ஒருத்தரும் திரும்பறதில்ல."

அடக்கம் முடிந்ததும் பிலோமினா அக்கா அந்தப் பேனாவை என்னிடம் தந்தார். "மை தீந்து நொம்ப நாளாச்சு கண்ணு. நாயிக்குன்னே வெச்சிருந்தாரு." அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான், அதன் சத்தத்துக்கு அவர் அளித்த மரியாதையும் அதனுடனேயே வந்தது.

திரும்புகையில் மிளகு வளைவில் காத்திருந்தது. பஸ் வந்தது. அது முதலில் ரைட்டர் வழக்கமாக நிற்கும் இடத்தைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. நான் பேனாவை அமுக்கினேன். கையில் கருவாடு இல்லை.

இழவு வீட்டிலிருந்து வந்தவர்கள் குளிக்காமல் அடுக்களைக்குள் நுழைவது எங்கள் வழக்கமில்லை. அன்று நான் நுழைந்தேன்.